சரக்கு இறக்கத் தெரிந்தவர்களுக்குப் பதிவிறக்கமும் எளிதே

லாரியிலிருந்து மூட்டை இறங்குவதை அன்றாடம் பார்ப்பவர்கள் நாம். எண்ணிக்கை சரியா, எடை சரியா, சாக்கு கிழிந்திருக்கிறதா, பில்லில் உள்ளபடி வந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் கைப்பேசியில் ஒரு கோப்பு வந்து நின்றால், யார் அனுப்பியது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேளாமல் விரலால் தட்டித் திறந்துவிடுகிறோம். இந்த ஒரு பழக்கத்தால் வங்கிக் கணக்கில் இருந்ததைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. மறுபுறம், மாதந்தோறும் இறக்கிப் பார்க்க வேண்டிய கோப்பை இறக்காமல் விட்டு, சட்டப்படி வரவேண்டிய வரி வரவை இழப்பவர்களும் உண்டு. இரண்டு நட்டத்தையும் தவிர்க்க, பதிவிறக்கம் என்பது என்ன, அது எப்படி நடக்கிறது என்பதை வணிகர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

பதிவிறக்கம் என்றால் என்ன?

எங்கோ ஓர் ஊரில், இரவு பகலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றில் கோப்பு இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரைச் சர்வர் என்கிறார்கள். நம் கணக்குப்படி அது ஒரு கிடங்கு. அந்தக் கிடங்கிலிருந்து நம் கம்ப்யூட்டருக்கோ கைப்பேசிக்கோ கோப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பதிவிறக்கம், அதாவது டவுன்லோடு. நம்மிடம் இருப்பதை அங்கே அனுப்பினால் அது பதிவேற்றம், அப்லோடு.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு. கிடங்கிலிருந்து 10 மூட்டை எடுத்தால் அங்கே 10 மூட்டை குறையும். சர்வரிலிருந்து ஆயிரம் பேர் இறக்கினாலும் அங்கே இருப்பது குறையாது. நமக்கு வருவது நகல்தான்.

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கோப்பை அனுப்ப எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான ஒரு நடைமுறை வேண்டும். 'எஃப்.டி.பி.' எனப்படும் அத்தகைய நடைமுறையை முதன்முதலில் எழுதியவர் ஓர் இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணிபுரிந்த அபய் பூஷண் அதை 1971 ஏப்ரலில் எழுதி வெளியிட்டார். இன்று நாம் இணையப் பக்கங்களிலிருந்து இறக்கும்போது பெரும்பாலும் வேறு நடைமுறையே பயன்படுகிறது. ஆனாலும் கேட்பவர் கேட்க, கொடுப்பவர் கொடுக்க, இரு தரப்பும் சரிபார்த்துக்கொள்ளும் அடிப்படை மாறவில்லை.

ஜங்ஷனும் பொட்டலங்களும்

3 மெகாபைட் உள்ள கோப்பு ஒன்றை நாம் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது முழுதாக ஒரே மூட்டையாக வருவதில்லை. ஏறத்தாழ 1,500 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. 3 மெகாபைட்டுக்கு 2,000 பொட்டலத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் மூன்றும் இருக்கும்.

நம் விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம் என்று நான்கு திக்கிலும் தண்டவாளம் பிரிகிறது. ஒரு பாதை அடைபட்டால் வண்டியைச் சுற்றுப்பாதையில் விடுகிறார்கள் அல்லவா? இணையத்திலும் இத்தகைய ஜங்ஷன்கள் உண்டு. அவற்றை ரவுட்டர் என்பார்கள். பொட்டலங்கள் எல்லாம் ஒரே வழியில்தான் வரவேண்டும் என்பதில்லை. 40-ஆவது பொட்டலம் 38-ஆவதுக்கு முன்னால் வந்து சேரலாம். நம் கருவி வரிசை எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும். ஒன்று வராமல் போனால் அந்த எண்ணுக்கான ரசீது அனுப்புநருக்குப் போகாது. உடனே அதை மட்டும் மறுபடி அனுப்புவார்கள்.

வழியில் சேதமானதையும் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு பொட்டலத்திலும் உள்ளிருப்பவற்றைக் கூட்டி எழுதிய ஓர் எண் இருக்கும். இங்கே கூட்டிப் பார்க்கும்போது அது ஒத்துவராவிட்டால் அந்தப் பொட்டலம் தள்ளுபடி. பீங்கான் சாமான் பெட்டியைப் பிரித்தவுடன் உடைந்ததை ஒதுக்கி, அதற்கு மாற்றுக் கேட்பது போலத்தான். இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான திட்டத்தை விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-இல் வெளியிட்டார்கள்.

வேகக் கணக்கில் ஏமாற வேண்டாம்

பொதுமக்களுக்கான இணையச் சேவை இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வி.எஸ்.என்.எல். நிறுவனம் நடத்திய அச்சேவை முதலில் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. தொலைபேசிக் கம்பியில் மோடம் வைத்து இணைப்புப் பெற்ற காலம் அது. 28.8 கிலோபிட் மோடத்தில் 3 மெகாபைட் கோப்பு இறங்கக் குறைந்தது 14 நிமிடம் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் தொலைபேசிக் கட்டணமும் ஓடும். நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இன்று 100 மெகாபிட் இணைப்பில் அதே கோப்பு கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும்.

இங்கே ஓர் அளவுக் குழப்பம் உண்டு. இணைப்புக் கொடுப்பவர்கள் வேகத்தை 'பிட்' கணக்கில் சொல்வார்கள். கோப்பின் எடையோ 'பைட்' கணக்கில் இருக்கும். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே '100 மெகாபிட்' என்று விளம்பரம் செய்தால், நொடிக்கு இறங்கக்கூடியது அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான். படியில் விலை பேசி மரக்காலில் எதிர்பார்க்கக் கூடாது. இது தெரிந்தால், எந்தத் திட்டம் நமக்குப் போதும் என்று நாமே முடிவு செய்யலாம்.

இறங்கியது எங்கே போகிறது?

'டவுன்லோடு செய்தேன், காணோம்' என்பது பலர் சொல்லும் குறை. இறங்கும் கோப்புகள் பெரும்பாலும் 'டவுன்லோட்ஸ்' என்ற பெயருள்ள அறைக்குத்தான் போகும். கைப்பேசியில் 'ஃபைல்ஸ்' என்ற செயலிக்குள் அது இருக்கும். காணவில்லை என்று திரும்பத் திரும்ப இறக்கினால், ஒரே கோப்பு (1), (2) என்று எண் போட்டுக்கொண்டு இடத்தை அடைக்கும்.

இறங்கியவுடன் பெயரை மாற்றி, 'கொள்முதல் ஜூன்', 'வங்கி ஜூலை' என்று ஆண்டுவாரியாகத் தனித்தனி அறையில் வைப்பது நல்லது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டறிக்கைக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் காப்பாற்றி வைக்க வேண்டும். கைப்பேசி தொலையும், பழுதாகும். ஆகவே பென் டிரைவில் இன்னொரு நகல் இருக்கட்டும். பிரவுசிங் சென்டரில் இறக்கினால், வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்து, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

14-ஆம் தேதி மறவாமல் இறக்க வேண்டியது

மாதந்தோறும் வரிக் கணக்குக் கொடுக்கும் வணிகர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய கோப்பு 'ஜி.எஸ்.டி.ஆர்.-2பி'. நமக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் நம் பெயரில் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி, முந்தைய மாதத்துக்கு உரியது தயாராகிறது. ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ளே நுழைந்து, ரிட்டர்ன்ஸ் டாஷ்போர்டில் ஆண்டையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தால் 2பி கட்டம் தெரியும். விவரப் பட்டியலை எக்ஸெல் வடிவில் இறக்கிக்கொள்ளலாம்.

இதில் நமக்கு என்ன? 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 16(2)(ஏஏ) பிரிவின்படி, சரக்குக் கொடுத்தவர் அந்த பில்லைத் தம் கணக்கில் ஏற்றியிருந்தால்தான் நமக்கு வரி வரவு. 2 லட்சம் ரூபாய்க்குச் சமையல் எண்ணெய் வாங்கி 5 சதவீத வரியாக 10,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். மொத்த வியாபாரி அந்த பில்லை ஏற்ற மறந்தால், நம் கையில் ரசீது இருந்தும் அந்த மாதம் வரவு வைக்க முடியாது. மாதக் கணக்கான 3பி கொடுக்கக் கடைசி நாள் பொதுவாக 20-ஆம் தேதி. 14-ஆம் தேதியே பட்டியலை இறக்கிக் கொள்முதல் பில்களோடு ஒத்துப் பார்த்தால், விடுபட்டது எது என்று தெரிந்துவிடும். உடனே மொத்த வியாபாரியிடம் சொல்லி அடுத்த மாதமாவது ஏற்றச் செய்யலாம். எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தால், ஆண்டு முடிவில்தான் ஓட்டை தெரியும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. அவர்கள் கவலைப்பட வேண்டாம்.

கடைசி எழுத்தைப் பார்த்துத் திறக்கவும்

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தாம் அது என்ன இனம் என்று சொல்பவை. 'பி.டி.எஃப்.' என்றால் படிக்கும் தாள். 'ஜேபெக்' என்றால் படம். 'எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்.' என்றால் கணக்குப் பட்டியல். 'ஏ.பி.கே.' என்றால் கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. 'இ.எக்ஸ்.இ.' என்றால் கம்ப்யூட்டரில் இயங்கும் நிரல். முதல் மூன்றும் பார்ப்பதற்கு உரியவை. பின் இரண்டும் நம் கருவிக்குள் புகுந்து வேலை செய்பவை.

2000 மே மாதத்தில் 'ஐ லவ் யூ' என்ற வைரஸ் மின்னஞ்சல் வழியே உலகம் முழுவதும் பரவியது. காதல் கடிதம் போல் பெயரிட்டு, நடுவில் சாதாரண எழுத்துக் கோப்பின் அடையாளத்தை வைத்து, கடைசியில் நிரலின் அடையாளத்தை ஒட்டியிருந்தார்கள். பல கம்ப்யூட்டர்கள் கடைசிப் பகுதியைக் காட்டாமல் மறைத்ததால், மக்கள் கடிதம் என்று நம்பித் திறந்து ஏமாந்தார்கள்.

அதே தந்திரம் இப்போது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. கல்யாண அழைப்பிதழ், வாகன அபராதச் சீட்டு, வங்கி கே.ஒய்.சி. என்று பெயர் போட்டு ஏ.பி.கே. கோப்பு வருகிறது. தெரிந்தவரின் எண்ணிலிருந்தே வரலாம். அவருடைய கைப்பேசி ஏற்கனவே மோசக்காரர்கள் வசம் போயிருக்கக்கூடும். அதை நிறுவி, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால், குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி.யை அது படித்து அனுப்பிவிடும். கடைக் கல்லாவின் சாவியைக் கொடுத்ததற்குச் சமம். அழைப்பிதழைப் படிக்க எந்தச் செயலியும் நிறுவ வேண்டியதில்லை என்பதை வீட்டாருக்கும் கடைப் பையன்களுக்கும் சொல்லிவையுங்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வழியில் யாரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே அந்தப் பூட்டின் பொருள். கடைக்காரர் யோக்கியர் என்று அது சான்று சொல்வதில்லை.

தவறி நிறுவிவிட்டால்?

முதலில் கைப்பேசியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் யு.பி.ஐ.யையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய உள்துறையின் ஏற்பாட்டில் இயங்கும் சைபர் குற்ற உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் புகார் போனால் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறுநாள் வரை மறைத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். கைப்பேசியைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யாமல் மறுபடி அதில் பணப் பரிமாற்றம் செய்யவேண்டாம்.

அனுப்பியவர் யார், கோப்பு என்ன இனம், எந்தத் தளத்திலிருந்து வருகிறது என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தால் இறக்குங்கள். தெரியாத சரக்குக்கு நாம் கடையில் கையெழுத்துப் போடுவதில்லை. கைப்பேசியிலும் அதே கட்டுப்பாடு இருக்கட்டும்.