ஜெனரல் பையரின் தூக்குக்குண்டு

தூக்குக்குண்டு நேராகத் தொங்கும் என்று நம்பித்தான் கொத்தனார் சுவர் எழுப்புகிறார். வீடு கட்ட அந்த நம்பிக்கை போதும். பூமியை அளக்கப் புறப்பட்டவர்களுக்கு அது போதவில்லை. பக்கத்தில் பெரிய மலை இருந்தால் அதன் ஈர்ப்பில் குண்டு இம்மியளவு அந்தப் பக்கம் சாயும். காலடியில், கண்ணுக்கு எட்டாத ஆழத்தில், கனத்த பாறை ஒரு பக்கமாகக் கிடந்தாலும் சாயும். அந்தச் சாய்வுகளை ஊர் ஊராக அளந்து சேர்த்தால் பூமியின் உண்மையான உருவம் தெரியும், ஆனால் எந்த நாடும் தனியாக அதைச் செய்துவிட முடியாது என்று 1861இல் ஐரோப்பிய அரசுகளிடம் சொன்னவர், பிரஷ்யப் படையின் லெப்டினன்ட் ஜெனரல் ஒருவர். அப்போது அவருக்கு வயது 66. பெயர் யோஹான் யாகோப் பையர்.

பெர்லினுக்கு அருகே மூகெல்ஹைம் என்ற சிற்றூரில் 1794இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். நெப்போலியனுக்கு எதிராகப் பிரஷ்யா கிளர்ந்தெழுந்த 1813இல் தானாக முன்வந்து படையில் சேர்ந்தார். போர் ஓய்ந்ததும் நில அளவைக்குப் போனார். அக்காலத்தில் நல்ல வரைபடம் என்பது ராணுவத்தின் தேவை. எனவே நிலத்தை அளக்கும் வேலையும் பெரும்பாலும் ராணுவத்தின் கையில்தான் இருந்தது. அவர் எந்தப் பதவியில் எப்போது உயர்ந்தார் என்பதைவிட, 1831இல் அவருக்கு வாய்த்த தோழமையே முக்கியம். கோனிக்ஸ்பெர்க் நகரத்து வானியலாளர் ஃபிரீட்ரிக் பெஸ்ஸல், கிழக்கு பிரஷ்யாவில் முக்கோண அளவை ஒன்றைத் தொடங்கினார். ரஷ்யாவின் அளவைத் தொடரையும் மேற்கு ஐரோப்பாவின் தொடர்களையும் அது இணைக்க வேண்டும். அவருக்குத் துணையாக வந்தார் மேஜர் பையர்.

முக்கோண அளவையின் உத்தி எளிது. தரையில் ஒரே ஒரு கோட்டை மட்டும் உண்மையாக அளந்தால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள கோபுரம் ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகலாம். ஆனால் முதல் கோட்டில் நேரும் பிழை கடைசி முக்கோணம் வரை கூடவே வரும்.

அதனால் 1834இல் கோனிக்ஸ்பெர்க் அருகே, சுமார் 1,820 மீட்டர் நீளமுள்ள அந்த அடிக்கோட்டை அவர்கள் அளந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கையிலிருந்தவை ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமுள்ள நான்கு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துத்தநாகச் சட்டம். இரண்டும் ஒரு முனையில் மட்டும் பிணைக்கப்பட்டிருக்கும். மறுமுனை கட்டில்லாமல் இருக்கும். வெயில் ஏறினால் இரண்டும் நீளும், துத்தநாகம் இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக நீளும். 10 டிகிரி கூடினால் இரும்பு அரை மில்லிமீட்டர் வளரும், துத்தநாகம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். கட்டில்லாத இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்தாலே உலோகம் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். தெர்மாமீட்டர் சுற்றியுள்ள காற்றின் சூட்டைச் சொல்லும். இங்கே சட்டம் தன் சூட்டைத் தானே சொல்கிறது. அடுத்தடுத்த சட்டங்களை முட்டவும் விடமாட்டார்கள், முட்டினால் முன்னது நகர்ந்துவிடும். சிறு இடைவெளி விட்டு, அதில் கோடுகள் பொறித்த கண்ணாடி ஆப்பைச் செருகி, எந்தக் கோடு வரை இறங்கியது என்று குறித்துக்கொள்வார்கள். இப்படி 460 தடவைக்கு மேல் சட்டங்களை எடுத்து எடுத்து வைத்தால்தான் கோடு முடியும். இந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

பெஸ்ஸலும் பையரும் முடிவுகளை 1838இல் நூலாக வெளியிட்டார்கள். உலகில் அதுவரை நடந்த பத்து வில் அளவைகளை, அதாவது பூமியின் வளைவில் ஒரு துண்டை அளந்த வேலைகளைச் சேர்த்து, 1841இல் பெஸ்ஸல் பூமியின் அளவைக் கணக்கிட்டார். அந்தப் பத்தில் இரண்டு இந்தியாவில் எடுத்தவை. 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய வேலை அது. முதல் வில்லின் தென்முனை கடலூரை ஒட்டிய திருவந்திபுரம். பூமியின் நடுக்கோட்டு ஆரத்துக்குப் பெஸ்ஸல் சொன்ன மதிப்பு 6,377,397 மீட்டர். இன்று செயற்கைக்கோள்களைக் கொண்டு ஏற்றிருக்கும் மதிப்பைவிட 740 மீட்டர்தான் குறைவு. ஜப்பான் தன் வரைபடங்களுக்கு அந்த எண்ணையே 2002 வரை வைத்திருந்தது.

ஆனால் ஒரு சிக்கல் மிஞ்சியது. துருவங்களில் சற்றே தட்டையான ஒரு சீரான உருண்டை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், பத்து வில்களும் அதில் சரியாகப் பொருந்தவில்லை. கருவிகளின் பிழை என்று ஒதுக்க முடியாத அளவுக்கு விலகல் இருந்தது. காரணம் தூக்குக்குண்டு. ஓர் ஊரின் அட்சரேகையை விண்மீன்களை வைத்துக் கணிக்கும்போது, நம் தலைக்கு நேர்மேலே எது என்பதை அதுதான் காட்டுகிறது. அது ஒரே ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு சாய்ந்தாலும் ஊர் தன் இடத்திலிருந்து சுமார் 31 மீட்டர் தள்ளிப் போய்விடும்.

மலைகளின் இழுப்பைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாமே என்றால் அதுவும் நடக்கவில்லை. இமயமலையின் பருமனை வைத்துப் பார்த்தால் வட இந்தியாவின் இரண்டு நிலையங்களுக்கிடையே கிட்டத்தட்ட 16 விகலை வேறுபாடு வரவேண்டும் என்று 1855இல் ஜான் பிராட் என்பவர் காட்டினார். அளவையில் வந்ததோ 5 விகலை சொச்சம். மலைக்கு அடியில் ஏதோ கனம் குறைந்திருக்கிறது என்று அதற்குப் பொருள்.

மற்றவர்கள் தொல்லை என்று நினைத்த இந்தச் சாய்வைத்தான் பையர் தேட வேண்டிய பொருள் என்று எடுத்துக்கொண்டார். அவருடைய பெருமையே இதில்தான் இருக்கிறது என்பேன். பாலெர்மோவிலிருந்து கிறிஸ்டியானியா வரை, அதாவது இன்றைய ஆஸ்லோ வரை, சுமார் 22 பாகை நீளப் பட்டை ஒன்றை அவர் குறித்தார். அதற்குள் பல நாடுகளின் முக்கோணத் தொடர்கள் ஏற்கெனவே இருந்தன, வானாய்வகங்களும் இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: யாரும் அவற்றை இணைத்துப் பார்க்கவில்லை. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கிலும் தெற்கிலும் பூமி ஒரே மாதிரி வளைகிறதா என்று கேட்டார். அளவைத் தொடர் எல்லைக்கல்லில் நின்றுவிட்டால் அதற்கு விடை கிடைக்காது.

1862 ஏப்ரலில் பிரஷ்யா, ஆஸ்திரியா, சாக்சனி மூன்றின் பிரதிநிதிகளும் பெர்லினில் கூடி, பொது அளவைக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் 15 நாடுகள் சேர்ந்தன. நான்கே ஆண்டுகளில், 1866இல், போர் மூண்டது: ஒரு பக்கம் பிரஷ்யா, மறுபக்கம் ஆஸ்திரியாவும் சாக்சனியும். ஒரே மேசையில் அமர்ந்து முக்கோணங்களைப் பேசிய மூன்று நாடுகளின் படைகளும் கோனிக்கிரேட்ஸ் களத்தில் மோதின. சங்கம் உடையும் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். 1867இல் அது மறுபடி பெர்லினில் கூடியது, தன் பெயரை ஐரோப்பிய அளவை என்று மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு நாடும் தன் கோலால் அளந்தால் தொடர்களை ஒட்ட முடியாது என்பதால் எல்லோருக்கும் பொதுவான புதிய மீட்டர் கோல் வேண்டும், அதைக் காக்க ஒரு பன்னாட்டு நிலையம் வேண்டும் என்று அந்தக் கூட்டம் கேட்டது. 1875இன் மீட்டர் உடன்படிக்கைக்கு அது ஒரு முக்கியமான படி.

பையரின் மகனைப் பலர் அறிவார்கள். அவுரிச் சாயத்தின் அமைப்பைக் கண்டறிந்து, 1905இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற அடால்ஃப் வான் பையர் அவர். தந்தையின் பெயர் அந்த அளவுக்குப் பரவாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. 1870இல் பெர்லினில் தொடங்கிய புவியளவைக் கழகத்தின் தலைவராக இருந்து, 1885 செப்டம்பரில், 90ஆம் வயதில் அவர் காலமானார்.

சாய்வுகளைச் சேர்த்துக் கட்டிய உருவத்துக்கு இன்று ஜியாய்டு என்று பெயர். அலையும் நீரோட்டமும் இல்லாமல், ஈர்ப்புக்கும் பூமியின் சுழற்சிக்கும் மட்டும் கட்டுப்பட்டுக் கடல் நின்றால் அது எடுக்கும் மேற்பரப்பு அது. சீரான உருண்டையோடு ஒப்பிட்டால் அதன் மிக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே உள்ள கடலில் இருக்கிறது. 100 மீட்டருக்கும் மேல் தாழ்வு. அதைக் கடக்கும் கப்பலில் இருப்பவர்களுக்குப் பள்ளம் தெரியாது, ஏனென்றால் தூக்குக்குண்டும் அதற்கேற்பத்தான் தொங்கும்.

பையர் தேடாத விடை ஒன்றும் அவர் சேர்த்த கூட்டத்துக்குக் கிடைத்தது. அவர் இறந்த சமயத்தில் பெர்லின் வானாய்வகத்தில் கார்ல் குஸ்ட்னர் எடுத்த அளவுகளில், ஊரின் அட்சரேகையே மாதத்துக்கு மாதம் மிகச் சிறிதாக மாறுவது தெரிந்தது. கருவிப் பிழையா, பூமியே தன் அச்சில் அசைகிறதா? அசைவது பூமி என்றால், பெர்லினில் அட்சரேகை கூடும்போது உலகின் மறுபக்கத்தில் குறைய வேண்டும். 1891இல் சங்கம் ஆள் அனுப்பி ஹோனலூலுவில் விண்மீன்களை அளக்க வைத்தது. அங்கே அட்சரேகை ஏறியபோதெல்லாம் பெர்லினிலும் பிராகிலும் இறங்கியிருந்தது. துருவம் சில மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் சுற்றிவருகிறது. 1899 முதல் பன்னாட்டு நிலையங்கள் அதைக் கண்காணித்து வருகின்றன.