உங்களுக்குத் தெரியுமா? பன்றித் தோலில் இருந்து ஒரு கருவிழி!

பன்றித் தோலின் கொலாஜன் புரதத்தால் செய்த கருவிழிப் படலம், பார்வையற்ற 14 பேருக்குப் பார்வையைத் திருப்பித் தந்திருக்கிறது!

• உருவாக்கியவர்கள் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். இந்தியாவிலும் ஈரானிலுமாக, அந்த 14 பேர் உட்பட மொத்தம் 20 பேருக்குப் பொருத்தினார்கள். முடிவுகள் 2022-இல் வெளிவந்தன.

• 20 பேருக்கும் இருந்தது கெரட்டோகோனஸ்: கருவிழி மெலிந்து கூம்புபோல் புடைக்கும் நோய்.

• நோயாளியின் படலத்தை வெட்டி எடுப்பதில்லை. சிறு கீறல் வழியே புதியதை உள்ளே செருகிவிடுகிறார்கள். தையலும் கிடையாது.

• தானமாகப் பெற்ற கருவிழியை இரண்டு வாரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். இந்தக் கொலாஜன் படலத்தையோ இரண்டு ஆண்டுவரை வைத்திருக்கலாம்.

• மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. இறைச்சித் தொழிலில் மிஞ்சும் தோலே போதும்.