காவிரியின் சொந்த மீன்

அத்திபெலே எல்லைக்கு இப்பால் பெங்களூரு, அப்பால் ஓசூர். இரு நகரங்களுக்கும் காவிரி குடிநீர் அளிக்கிறது. பெங்களூருக்குச் சிவனசமுத்திரத்தை அடுத்த பகுதியிலிருந்தும், ஓசூருக்கு ஒகேனக்கலிலிருந்தும் நீர் வருகிறது. இவ்விரு இடங்களுக்கும் இடையே காவிரி காட்டு வழியே பாய்கிறது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத திமில் மகசீர் மீனின் பழைய உறைவிடம் அதுவே.

செம்மஞ்சள் துடுப்புகளும் தலைக்குப் பின்னே எழும் திமிலும் இம்மீனின் அடையாளங்கள். 1946ஆம் ஆண்டு கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட மகசீர் ஒன்றின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ.

அணைகளாலும் வெடிவைத்து மீன்பிடிப்பதாலும் நாட்டின் ஆறுகளில் மகசீர்கள் குறைந்து வந்தன. அக்குறையைப் போக்க, 1970களிலிருந்து மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் நீலத்துடுப்பு மகசீர் செயற்கை முறையில் பெருக்கப்பட்டது. அதன் குஞ்சுகள் காவிரியிலும் விடப்பட்டன. நோக்கம் நல்லதே, ஆயினும் அம்மீன் காவிரிக்கு உரியதன்று.

விளைவைக் காட்டியவை கலிபோரே தூண்டில் முகாமின் பதிவேடுகள். 1998 முதல் 2012 வரை அங்கு நீலத்துடுப்பு மீன்கள் பெருகின. திமில் மகசீர் அருகியது. கிடைத்த சிலவும் மேலும் மேலும் பெரியனவாகவே இருந்தன. பெரிய மீன் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியதாகத் தோன்றலாம். உண்மையில், முதிய மீன்கள் மட்டும் எஞ்சின, இளம் மீன்கள் தோன்றவில்லை என்பதே அதன் பொருள். மொத்தக் கணக்கில் மகசீர் செழிப்பதாகத் தெரிந்தது. இனவாரியாகப் பிரித்தபோதே இழப்பு புலப்பட்டது.

இத்துணைப் புகழ்பெற்ற மீனுக்கு அதுவரை உறுதியான அறிவியல் பெயரும் இல்லை. பாம்பாற்றில் கண்டறியப்பட்டு 2007இல் 'டோர் ரெமாதேவி' எனப் பெயரிடப்பட்ட இனமே இது என்று 2018இல் தெளிவாயிற்று. அவ்வாண்டே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவித்தது. இன்று மோயாறு இதன் முக்கியப் புகலிடங்களுள் ஒன்று.

அங்கு வேற்று மகசீர் குஞ்சுகளை விடாதிருப்பதும், ஆற்றோட்டத்தைக் காப்பதும், வெடிவைத்து மீன்பிடிப்பதைத் தடுப்பதும் இன்றியமையாதவை.

நமக்கும் இதில் பங்குண்டு. 2000ஆம் ஆண்டிலேயே வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்றும் நீர்நிலைகளில் காணப்படுகிறது. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மீன்களை இரக்கத்தாலோ வேண்டுதலாலோ ஏரியிலும் ஆற்றிலும் விடாதிருப்போம். எந்த நீருக்கு எந்த மீன் உரியது என்று அறிந்து செய்வதே நன்மையாகும்.