ஊருக்கெல்லாம் பட்டு... பெற்ற மகளுக்கு இல்லை! உலக பட விழாக்களில் பேசப்பட்ட 'தறி' கதைகள்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கல்யாண சீசன் வந்துவிட்டால் வெளியூர் கார்கள் நிறுத்த இடம் கிடைக்காது. பெண்ணுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க அவ்வளவு கூட்டம். சரி, அந்த சேலையை நெய்கிறவர் வீட்டு கல்யாணத்தில் பட்டு உண்டா?

சின்ன காஞ்சிபுரம் நெசவாளர் வீடுகளில் யாரும் இதை புதிய கேள்வியாக நினைக்க மாட்டார்கள். ஆனால் இதே கேள்வியை வைத்து எடுத்த ஒரு தமிழ்ப்படம் கனடா வரைக்கும் போனது. அதுதான் 'காஞ்சீவரம்'.

சிரிப்பு படங்களுக்கு பேர் போன டைரக்டர் பிரியதர்ஷன் எடுத்த படம் இது. பிரகாஷ்ராஜ் நெசவாளி வேங்கடமாக நடித்தார். 2008-ம் ஆண்டு டொரண்டோ சர்வதேச பட விழாவில் திரையிடப்பட்டது. நம்மூர் தியேட்டர்களுக்கு 2009 மார்ச்சில்தான் வந்தது. 2007-ம் ஆண்டுக்கான தேசிய விருதுகள் 2009-ல் அறிவிக்கப்பட்டபோது சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டையும் தட்டிச் சென்றது. 'மறுபக்கம்' படத்துக்குப் பிறகு சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கிய தமிழ்ப்படம் இதுதான்.

வாயில் ஒளித்த நூல்

கதை சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் நடக்கிறது. கல்யாணத்தில் பட்டு கட்டி அனுப்புவேன் என்று பெண் குழந்தைக்கு வாக்கு கொடுக்கிறான் வேங்கடம். கூலியோ சாப்பாட்டுக்கே பத்தாது. முதலாளி கொட்டகையில் வேலை முடிந்து கிளம்பும்போது சோதனை போடுவார்கள். அதனால் பட்டு நூலை வாய்க்குள் அடக்கி கொண்டு வருகிறான். அதை சேர்த்து, யாருக்கும் தெரியாமல் வீட்டில் தறி போட்டு, வருடக்கணக்கில் ஒரே ஒரு சேலை நெய்கிறான்.

இதுவரை பரிதாபக் கதை. படத்தை உயர்த்துவது அதற்கு அடுத்த திருப்பம். இதே வேங்கடம் கூலி உயர்வு கேட்டு தொழிலாளிகளை திரட்டுகிறான், வேலைநிறுத்தம் நடத்துகிறான். தறி நின்றால் நூல் ஏது? மகள் கல்யாணமோ நெருங்குகிறது. தான் ஆரம்பித்த போராட்டத்தையே முடித்துவிட்டு வேலைக்கு திரும்பச் சொல்கிறான். சக தொழிலாளிகள் அவனை துரோகி என்கிறார்கள். வேங்கடம் நல்லவனா, கெட்டவனா? படம் தீர்ப்பு சொல்லவில்லை. பார்க்கிறவர்தான் திணற வேண்டும். கடைசி காட்சியை இங்கே சொல்லப் போவதில்லை. கல்நெஞ்சக்காரரையும் கலங்க வைக்கும்.

முதலாளி கொட்டகை காலம் மலையேறி, கூட்டுறவு சங்கங்கள் வந்தன. காஞ்சிபுரம் பட்டுக்கு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் படம் பழசாகவில்லை. காரணம், தொழில் அப்படி. உடலுக்கு ஒரு கலர், பார்டருக்கு வேறு கலர் என்று நெய்யும் 'கோர்வை' சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஒருத்தர் நெய்ய, பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து கை கொடுக்க வேண்டும். ஆக, ஒரு கூலியை இரண்டு பேர் பங்கு போட வேண்டும். அந்த காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது பெரும்பாலும் வீட்டு பிள்ளைகள். இப்போது பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள், படித்ததும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். அதை யார் தப்பு சொல்ல முடியும்?

விற்கிறவர் கதை

நெய்த சேலை கடைக்கு போகிறது. அங்கே கவுண்டரில் நின்று விரித்துக் காட்டுகிறவரின் கதை 'நசீர்'. அருண் கார்த்திக் இயக்கியது. திலீப்குமார் எழுதிய சிறுகதையை தழுவியது. கோவையில் சேலைக்கடை சேல்ஸ்மேன் ஒருவரின் ஒரே ஒரு நாள், அவ்வளவுதான் படம். காலையில் தண்ணீர் பிடிக்கிறார், கடை பொம்மைக்கு சேலை கட்டுகிறார், வீட்டுக்காரிக்கு மனசுக்குள்ளேயே கடிதம் எழுதுகிறார். வெளியே மத வெறுப்பு ஒலிபெருக்கியில் அலறுகிறது. 'இதில் என்னப்பா கதை' என்று கொட்டாவி விட்டவர்களை கடைசி சில நிமிடங்கள் உறைய வைத்துவிடும். 2020-ல் ரோட்டர்டாம் விழாவில் ஆசிய படங்களுக்கான நெட்பாக் விருது வாங்கியது.

அதே ரோட்டர்டாமில் மறு வருடமே பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' உயர்ந்த பரிசான டைகர் விருதை ஜெயித்தது. சின்ன பட்ஜெட் தமிழ்ப்படங்களுக்கு இப்போது அங்கே தனி மவுசு.

மிஷின் முன்னால்...

கைத்தறிக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்றால் 'மெஷின்ஸ்' டாக்குமெண்டரி. நமக்கு ஜரிகை வருகிற அதே குஜராத்தில், ஒரு பெரிய ஜவுளி ஆலைக்குள் ராகுல் ஜெயின் கேமராவை கொண்டு போனார். பின்னணி குரல் விளக்கம் எதுவும் கிடையாது. சாயம், புகை, ஓயாத இரைச்சல். 12 மணி நேர ஷிப்ட்டில் ஒரு சிறுவன் நின்றபடியே தூங்கி விழுகிறான். 2017-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் ஒளிப்பதிவுக்கு விருது கொடுத்தார்கள்.

ஒரு இடத்தில் தொழிலாளிகள் கூட்டமாக கேமராவை பார்த்து கேட்கிறார்கள்: நீங்களும் வந்து எங்கள் கஷ்டத்தை பார்த்துவிட்டு போய்விடுவீர்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். டைரக்டரிடம் பதில் இல்லை. இருந்தும் அந்த காட்சியை வெட்டாமல் வைத்திருக்கிறார். அதற்கே ஒரு சபாஷ் போடலாம்.

எங்கே பார்ப்பது?

இந்த மாதிரி படங்கள் தியேட்டரில் ஒரு வாரம் நின்றாலே அதிசயம். பெரிய ஹீரோ இல்லை, பாட்டு இல்லை, விளம்பரத்துக்கு காசும் இல்லை. அதனால்தான் இந்த படங்கள் முதலில் விழாவுக்கு போகின்றன. அங்கே பேர் கிடைத்தால் டி.வி., ஓ.டி.டி. கம்பெனிகள் கதவை திறக்கும்.

நமக்கு பக்கத்தில் இருப்பது சென்னை சர்வதேச பட விழா. 2003-ல் தொடங்கி டிசம்பர் வாக்கில் நடக்கிறது. பாஸ் வாங்கினால் யாரும் பார்க்கலாம். காஞ்சிபுரத்தில் இருந்து சுமார் 75 கிலோ மீட்டர்தான், பஸ்சும் உண்டு, ரெயிலும் உண்டு.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. வெளிமொழி படங்களுக்கு திரையில் ஓடுவது பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்து. குஜராத் ஆலைத் தொழிலாளி இந்தியில் பேசுவதை காஞ்சிபுரம் தறிக்காரர் இங்கிலீஷில் படித்து புரிந்துகொள்ள வேண்டிய நிலை. தமிழில் எழுத்து போட்டு சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் திரையிட்டாலே போதும், தறிக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள்.