கடலடியை அளக்க ஆள் வேண்டும்

உலகக் கடலடியை வரைபடமாக்கும் ‘சீபெட் 2030’ திட்டம் 2017-இல் தொடங்கியபோது, அதில் முறையாக அளக்கப்பட்டிருந்தது சுமார் 6 விழுக்காடுதான். 2025 ஜூனில் அது 27.3 விழுக்காடாக உயர்ந்தது. மிச்சத்தை அளக்கக் கப்பலும் கருவியும் வேண்டும். அவற்றைக் கையாளத் தேர்ந்த ஆட்கள் அவற்றைவிட முக்கியம்.

கப்பலின் அடியில் பொருத்திய பல்கற்றை சோனார், ஒலியை விசிறிபோல இருபுறமும் விரித்து அனுப்புகிறது. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 4,000 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஐந்து நொடிக்கு மேலாகும். சிக்கல் இனிமேல்தான். நீரின் வெப்பமும் உப்பும் அழுத்தமும் மாறமாற ஒலியின் வேகம் மாறும். சாய்வாகச் செல்லும் கற்றைகள் வளையும். இதைத் திருத்தாமல் விட்டால் சமதளமும் படத்தின் ஓரங்களில் வளைந்து தெரியும். அதனால் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லிய செப்புக் கம்பியில் இணைத்த உணரியைக் கடலில் விட்டு, ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையை அறிந்து, ஒலியின் வேகத்தைத் திருத்துகிறார்கள். திரையில் எழும் மேடு உண்மையான கடல்மலையா, மீன்கூட்டமா, அளவீட்டுப் பிழையா? இரவும் பகலும் முறைவைத்துத் திரைமுன் அமர்ந்து, அலையில் ஆடும் கப்பலில் தரவைச் சுத்தம்செய்து பழகியவருக்கே அது பிடிபடும். வகுப்பறை மட்டும் போதாது.

நிப்பான் அறக்கட்டளையும் ஜெப்கோவும் இணைந்து, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கிய ஓராண்டுப் படிப்பு இந்தத் தேவைக்காகவே உருவானது. (1903-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் முயற்சியில் பிறந்த உலகக் கடலாழ வரைபடத் திட்டமே ஜெப்கோ.) ஆண்டுக்கு ஆறு பேர் அளவில், பல நாடுகளிலிருந்து உதவித்தொகையுடன் சேர்க்கிறார்கள். கடற்பயணமும் பாடத்தில் அடக்கம். இந்தப் படிப்பைத் தவிர, ‘நாட்டிலஸ்’ என்ற ஆய்வுக்கப்பலும் கடலடி வரைபடப் பணியில் மாணவப் பயிற்சியாளர்களை ஏற்றிச் செல்கிறது.

சின்ன வகுப்புதான், விளைச்சல் பெரிது. நியூ ஹாம்ப்ஷயர் படிப்பின் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, ஆளில்லாப் படகையும் நீர்மூழ்கி ரோபோவையும் இணைத்து ஆழ்கடலை அளந்து காட்டினார்கள். அதற்காக 2019-இல் ஷெல் ஓஷன் டிஸ்கவரி எக்ஸ்பிரைஸ் போட்டியில் 40 லட்சம் டாலர் முதல் பரிசை வென்றார்கள். ஆளில்லாப் படகு வந்தாலும் அதன் தரவைப் படிக்க மனிதக் கண் தேவைப்படுகிறது.

நிலவியலோ இயற்பியலோ கடலியலோ படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இப்படியொரு வேலை இருப்பதை இன்றே சொல்லுங்கள்.