வெயிலும் வெள்ளமும்: நோயாளிக்கு முதல் அரண் அண்டை வீடு

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு வெயில் புதிதன்று. கத்திரி தொடங்கினால் நண்பகலில் வெளியே செல்லாதிருக்க வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் எவரும் சொல்லித்தராமலே அறிந்திருந்தனர். ஆயினும் அண்மை ஆண்டுகளில் வெயில் முன்னதாகவே தொடங்குகிறது, இரவிலும் தணிவதில்லை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் சேலத்தில் வெப்பநிலை 40 செல்சியஸைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு என்பதும் அவ்வறிவிப்பில் அடங்கும். நிவாரணம் தேவைப்படாத நிலையை உருவாக்குவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பகுதிக்கு இரண்டாவது இடர் ஒன்றும் உண்டு. மேட்டூர் அணை 120 அடியை எட்டி, பதினாறு கண் மதகு வழியாக உபரி நீர் திறக்கப்படும்போது குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்களில் காவிரி நுழைகிறது. 2022 ஆகஸ்டிலும், 2024 ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரையிலும் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் சென்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கரையோர மக்கள் பள்ளிகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் மாற்றப்படும்போது, அவர்களிடையே இன்சுலின் போட்டுக்கொள்பவரும் வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸ் செய்துகொள்பவரும் இருப்பர்.

வெப்பம் உடலுக்குள் என்ன செய்கிறது?

உடல் சூடாகும்போது இதயம் மிகுதியான ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வை ஆவியாகிச் சூட்டைத் தணிக்கிறது. இவ்வேலைக்கு நீரும் உப்பும் செலவாகின்றன. இழந்த நீர் ஈடுசெய்யப்படாவிடில் ரத்தத்தின் அளவு குறைகிறது. சிறுநீரகத்திற்குச் செல்லும் ரத்த ஓட்டமும் குறைகிறது. ஒருநாள் நேர்ந்தால் சிறுநீரகம் மீண்டுவிடும். ஒவ்வொரு கோடையிலும் நாள்தோறும் நேர்ந்தால் நிலையான பாதிப்பு ஏற்படக்கூடும். நடு அமெரிக்க நாடுகளின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடையே, நீரிழிவோ ரத்தக்கொதிப்போ இல்லாத இளைஞர்களுக்கும் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டதை மருத்துவ உலகம் கண்டறிந்தது. அங்குத் தொழிலாளர்களுக்கு நீர், ஓய்வு, நிழல் ஆகிய மூன்றையும் முறைப்படி வழங்குவது தடுப்பு முறையாக வகுக்கப்பட்டது.

தகரக் கூரையின்கீழ் இயங்கும் விசைத்தறிக் கூடம், அனல் குறையாத கொலுசுப் பட்டறை, லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை, செங்கல் சூளை ஆகிய இடங்களில் உழைப்போருக்கும் இம்மூன்றும் தேவை. அத்துடன் ஓர் எச்சரிக்கை: வெயிலில் உழைத்துக் களைத்து, உடல்வலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வலிமாத்திரை வாங்கி உட்கொள்ளும் வழக்கம் நம் பகுதியில் பரவலாக உள்ளது. நீர் வறண்ட உடலில் அம்மாத்திரைகள் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். மருத்துவர் சொல்லாமல் அவற்றை உட்கொள்ளாதீர்கள்.

எல்லோருக்கும் பொருந்தாத அறிவுரை

"நிறையத் தண்ணீர் குடியுங்கள், இளநீர் பருகுங்கள்" என்பது கோடையில் எங்கும் கேட்கும் அறிவுரை. நலமாக உள்ளவர்க்கு அது முற்றிலும் சரி. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர்க்கும், சிறுநீரகச் செயலிழப்பு முற்றியவர்க்கும் அது உயிருக்கே ஆபத்தாகலாம். இளநீரிலும் பழச்சாற்றிலும் பொட்டாசியம் மிகுதி. அதனை வெளியேற்ற இயலாத உடலில் பொட்டாசியம் தேங்கி இதயத்துடிப்பை நிறுத்திவிடக்கூடும். ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் பொட்டாசியம் உண்டு. மருத்துவரைக் கேளாமல் இவர்கள் அதனைப் பருகக் கூடாது. இவர்களும் இதயம் பலவீனமானவர்களும் தமக்குக் குறித்துத் தரப்பட்ட நீரளவையே பின்பற்ற வேண்டும். தாகம் மிகுந்தால் வாய் கொப்பளிக்கலாம். ஈரத்துணியால் உடலைத் துடைக்கலாம். நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைத்தால், அளவை மாற்ற வேண்டுமா என்பதை எங்களால் எளிதில் கூற இயலும்.

நீர்மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை, சில மனநல மருந்துகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கலாம். இதனைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வயிற்றுப்போக்கோ கடும் வியர்வையோ ஏற்பட்டால் எவற்றை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதை, மார்ச் மாத மருத்துவச் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைக்கலாகாது. பெட்டி இல்லாத வீடுகளில், பெரிய மண்பானையில் மணல் நிரப்பி ஈரமாக்கி, அதன் நடுவே சிறு மண்கலத்தை வைத்து, நீர் புகாத உறையில் இட்ட இன்சுலினை அதனுள் நிழலில் வைக்கலாம்.

தனிமையே பெரிய ஆபத்து

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாள் வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தனியே வாழ்ந்தவர்களும் வீட்டைவிட்டு வெளிவராதவர்களுமே மிகுதியாக மாண்டனர் என்றும், நண்பர்களோடும் அண்டை அயலாரோடும் தொடர்பு கொண்டிருந்தோர் பெரும்பாலும் தப்பினர் என்றும் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. 2005இல் காத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் பகுதி டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்திய ஆய்விலும் இதே உண்மை தெரிந்தது. தனியே வாழ்ந்தவரும், தம் டயாலிசிஸ் மையத்தின் அவசரகாலத் திட்டத்தை அறியாதவருமே சிகிச்சையை மிகுதியாகத் தவறவிட்டிருந்தனர்.

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர். அதன் பின்னர் அந்நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. முன்னெச்சரிக்கை மக்களைச் சென்றடைதல், மருத்துவப் பணியாளருக்குப் பயிற்சி, குடிநீரும் நிழலும் கிடைக்கும் இடங்கள் ஆகியனவே அதன் உள்ளடக்கம். தெருவில் உள்ளவரும் பங்கேற்றாலன்றி இத்தகைய திட்டம் பலன் தராது.

நம் தெருவில் செய்யக்கூடியவை

1. கோடைக்கு முன்னர் பெயர்ப்பட்டியல் ஒன்று தயாரியுங்கள். தனியே வாழும் முதியோர், படுக்கையில் இருப்போர், டயாலிசிஸ் நோயாளிகள், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள் ஆகியவை அதில் இடம்பெறட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் பல வீடுகளின் மருந்துத் தேவையை அறிவார். நோயாளியின் இசைவோடு அவருடைய உதவியை நாடுங்கள்.

2. ஒவ்வொரு பெயருக்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள். வெப்ப எச்சரிக்கை வந்த நாட்களில் நண்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அவர் கதவைத் தட்டி விசாரிக்கட்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதனைச் சிறப்பாகச் செய்ய இயலும்.

3. தகரக் கூரை, கல்நார்க் கூரை வீடுகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். பட்டறை உரிமையாளரிடம் பேசி, நண்பகல் வேலையைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றலாம்.

4. கிராமசபை மார்ச் 22, மே 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. குடிநீர்ப் பந்தல், மரநிழல், வெள்ளத்தில் தங்கும் இடத்தில் மருந்து வைக்கும் வசதி ஆகியவற்றை அங்குக் கோரிக்கையாக முன்வையுங்கள்.

வெப்பத்தாக்கம்: முதல் சில நிமிடங்கள்

வெயிலில் இருந்தவர் குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தால் அது வெப்பத்தாக்கம் எனக் கொள்ளுங்கள். வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கம் என்பது தவறான எண்ணம். உழைப்பவர்க்கு வியர்க்கும்போதே அது வரலாம். 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் நிழலுக்குக் கொண்டுவந்து, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். நினைவற்றவரின் வாயில் நீர் புகட்டாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

வெள்ளம் வருமுன் ஒரு பை

கரையோர டயாலிசிஸ் நோயாளிகள் நீர் புகாத பை ஒன்றைத் தயாராக வையுங்கள். ஏழு நாள் மருந்து, மருந்துச்சீட்டு, கடைசி டயாலிசிஸ் குறிப்பு, மஞ்சள்காமாலைக் கிருமிப் பரிசோதனை அறிக்கை, காப்பீட்டு அட்டை ஆகியவை அதில் இருக்கட்டும். பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் வேறு மையத்தில் சேர்வதில் காலதாமதம் குறையும். மேட்டூரில் நீர்திறப்பு உயரும் செய்தி வந்ததுமே எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள். உங்கள் முறையை முன்கூட்டியே மாற்ற முயல்வோம். ஒரு முறை தவறிவிட்டால் நீர், உப்பு, பழங்கள், கீரை ஆகியவற்றை மிகவும் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறலோ கால் தளர்ச்சியோ தோன்றினால் உடனே அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநில உதவிக்கு 1070 என்ற எண்களை அழைக்கலாம்.

அடுத்த சந்திப்பிற்கு வரும்போது, அவசரத்தில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போகும் அண்டை வீட்டாரின் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதிக் கொண்டுவாருங்கள். அவர் இசைந்தால் அதனை உங்கள் கோப்பில் இணைத்துக்கொள்வோம். இயலுமாயின் அவரையும் உடன் அழைத்துவாருங்கள். உங்களுக்கு எவ்வளவு நீர், எவை ஆகாதவை, எந்த அறிகுறி தோன்றினால் அழைக்க வேண்டும் என்பதை அவருக்கும் நாங்கள் விளக்கிச் சொல்வோம்.