குளிர்காலத் தோட்டத்தில் பறவைகளுக்கு என்ன வைக்கலாம்?

மார்கழி அதிகாலைகளில் பெங்களூரின் வெப்பநிலை 15 பாகை செல்சியசை ஒட்டி இறங்கிவிடுகிறது. லிங்கராஜபுரத்தில் கம்பளிச் சட்டையுடன் மாடித் தோட்டத்துக்கு வரும் நமக்கு, சிறகுள்ள உயிர்களுக்கும் ஏதேனும் தர வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. தட்டு, குழாய், கூண்டு எனப் பலவகைப் பறவை உணவூட்டிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை வாங்குமுன், எந்தப் பறவைக்காக வாங்குகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நலம்.

பனி மூடிய ஐரோப்பியத் தோட்டங்களில் குளிர்கால உணவு பறவையின் உயிரையே காக்கக்கூடும். நம் ஊரின் நிலை வேறு. மழைக்காலம் ஓய்ந்து புல் விதைகளும் பூச்சிகளும் நிறைந்திருக்கும் பருவம் இது. இங்கே பறவைகள் நம்மை நம்பி வாழ்வதில்லை. ஆகவே, நாம் வைக்கும் உணவு தீங்கு செய்யாதிருக்க வேண்டும் என்பதே முதல் விதி.

அந்த விதியை எளிதில் மீறுவது அகன்ற திறந்த தட்டு. அதில் தானியம் இட்டால் மாடப்புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கும். சிறு பறவைகள் அண்டமாட்டா. புறாக்களின் எச்சத் துகளும் இறகுத் தூசியும் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். வீடுகள் நெருங்கி நிற்கும் லிங்கராஜபுரம் போன்ற பகுதியில் நம் ஈகை அண்டை வீட்டாரின் நோயாகிவிடக் கூடாது.

சிட்டுக்குருவி, சில்லை போன்ற சிறு பறவைகளுக்குத் தொங்கும் குழாய் வடிவ உணவூட்டியே ஏற்றது. அதன் தாங்குகுச்சிகள் குட்டையாக இருக்கட்டும். பருத்த புறாவால் அவற்றில் எளிதில் அமர இயலாது. தினை, சாமை, கம்பு ஆகியவற்றைச் சிறிதளவே நிரப்புங்கள். கீழே சிந்துவதை அன்றாடம் பெருக்கிவிடுங்கள்.

இதே நுட்பத்தை நம் முன்னோர் செலவின்றிக் கையாண்டனர். அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி வீட்டு முகப்பில் தொங்கவிடுவது வழக்கம். ஆடும் கதிரைப் பற்றிக்கொண்டு சிட்டுக்குருவி கொறிக்கும். புறாவுக்கு அது கைகூடாது. சுவரையும் கைப்பிடியையும் ஒட்டாமல் தொங்கவிட்டால் இன்றும் அது நல்ல உணவூட்டியே.

பழம் உண்ணும் சின்னானுக்கும் குக்குறுவானுக்கும் பப்பாளித் துண்டோ கொய்யாவோ போதும். மாலைக்குள் மிச்சத்தை அகற்றிவிட வேண்டும். தேன்சிட்டுக்குச் சர்க்கரை நீர் தேவையில்லை. செம்பருத்தியும் இட்லிப்பூவும் இருந்தால் தானே வரும். இமயத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் பச்சைக் கதிர்க்குருவி, சாம்பல் வாலாட்டி முதலிய குளிர்கால விருந்தினர்கள் பூச்சிகளையே உண்பவை. தானியப் பெட்டியை அவை திரும்பியும் பாரா. பூச்சிமருந்து தெளிக்காத செடிகளே அவற்றுக்கு நாம் வைக்கும் விருந்து.

எல்லாப் பறவைகளுக்கும் பொதுவானது தண்ணீர். இரண்டு அங்குல ஆழமுள்ள அகன்ற மண்சட்டி போதும். நாள்தோறும் நீரை மாற்றித் தேய்த்துக் கழுவினால் கொசுவும் பெருகாது. உணவூட்டியையும் வாரம் ஒருமுறை கழுவி வெயிலில் உலர்த்துவது அவசியம். பிரிட்டனில் 2005-க்குப் பின் டிரைக்கோமோனோசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோயால் கிரீன்ஃபின்ச் என்ற பசுநிறச் சிறு பறவைகள் பெருமளவில் மடிந்தன. பறவைகள் கூடி உண்ணும் தோட்டத் தீனித் தட்டுகள் அந்நோய் பரவ இடமளித்தன. 2021-இல் அப்பறவை அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கழுவ நேரமில்லாதவர்கள் உணவூட்டி வைக்காதிருப்பதே பறவைகளுக்குச் செய்யும் நன்மை.

பொங்கலுக்கு மறுநாள் வாழையிலையில் கனுப்பிடி வைத்துப் பறவைகளை அழைக்கும் மரபு நம்முடையது. அழைத்தபின் விருந்தினரின் நலம் பேணுவதும் அம்மரபில் அடங்கும். இவ்வாண்டு லிங்கராஜபுரத்து மாடிகளில் ஒரு கதிர்க்குஞ்சமும் ஒரு மண்சட்டித் தண்ணீரும் இடம்பெறட்டும்.